சோராய்தா ஒஹேதாவின் இருபத்திரண்டு வருடம்

என் ஜன்னலுக்கு வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். மீதிப் பேர் சொல்லப்போகிற பொய்யை வரிசையில் நிற்கும்போதே மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். நகரக் கட்டட அலுவலகத்தில் ஏசி பெர்மிட் கொடுக்கிற நாலாம் நம்பர் ஜன்னலில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தேன். ஆள் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். "பழைய பெட்டியை எடுத்துட்டு அதே இடத்துல புதுசு வைக்கிறதுக்குக் கூடவா பெர்மிட்?" என்று கேட்காத ஆள் கிடையாது. அதற்கும்தான் ஐயா. மயாமிப் பக்கம் புயல் வருடா வருடம் வாசல் வரை வந்து எட்டிப் பார்க்கிறது. சரியாக இறுக்கிக் கட்டாத பெட்டி கூரையிலிருந்து கிளம்பினால் எதிர்வீட்டுக்காரனின் படுக்கையறையில்தான் போய் இறங்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டாள் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்ட என் ஜன்னலில் சோராய்தா ஒஹேதா ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். இருபத்திரண்டு வருடமும் அதே பொய். அதில் நானும் கூட்டு.

அவளைப் பார்த்தால் ஏசி வேலைக்காரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஐந்தடிக்கும் குறைவு, காதில் பொட்டுப்போல முத்துத் தோடு, எப்போதும் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை. கையைப் பார்த்தால்தான் தெரியும். செம்புக் குழாயைப் பற்றவைத்துப் பற்றவைத்து இரண்டு முன்கையிலும் காசு காசாகத் தழும்பு. ஜூலை மாதத்தில் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே உள்ள இடுக்கில் பத்து நிமிஷம் படுத்தால் கட்டுமஸ்தான ஆளுக்கே கண் இருட்டும். அவள் வயிற்றால் ஊர்ந்து போய்க் காற்றுக்குழாயை மாட்டிவிட்டு இறங்கி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் ஏறுவாள்.

ஒரு வீட்டுக்கு எத்தனை டன் ஏசி வேண்டும் என்பதை மற்றவர்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள். அவள் உள்ளே போய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். ஜன்னலை எண்ணுவாள். அடுப்பு எத்தனை நேரம் எரியும், மத்தியானத்தில் நாய் எங்கே போய்ப் படுக்கும் என்று கேட்பாள். நாய் படுக்கிற இடம்தான் வீட்டிலேயே குளிர்ச்சியான இடமாம். அப்புறம் உட்கார்ந்து பென்சிலால் நாலு தாள் கணக்குப் போடுவாள். அந்தத் தாளில் நான் ஒரு நாள்கூடத் திருத்தம் கண்டதில்லை. திருத்தம் கண்டுபிடிப்பதில் பேர் வாங்கியவள் நான்.

ஆனால் தாளின் அடியில் இருந்த பெயர் அவளுடையது இல்லை. வில்ஃப்ரெதோ ஒஹேதா என்று இருக்கும். அவள் புருஷன்.

எங்கள் மாநிலத்தில் லைசென்ஸ் கம்பெனிக்குக் கொடுப்பதில்லை, மனிதனுக்குத்தான் கொடுப்பார்கள். கம்பெனி அந்த ஒரு மனிதனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும். ஒவ்வொரு பெர்மிட் விண்ணப்பத்திலும் அவர் கையெழுத்து வேண்டும். அதை நோட்டரி முன்னால் போட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் நோட்டரி முத்திரை வைத்திருந்தவள் நான்தான். 'இன்னார் என் கண் முன்னால் கையெழுத்திட்டார்' என்று குத்துவேன்.

வில்ஃப்ரெதோ நல்ல மனிதன். கல்லையும் பேசவைத்துவிடுவான். லைசென்ஸ் பரீட்சைக்கு ராப்பகலாக உட்கார்ந்து அவனைப் படிக்க வைத்ததே சோராய்தாதான். பாஸ் பண்ணின மறு வருடமே ஒரு பேக்கரிக் கூரையிலிருந்து விழுந்தான். முதுகு போயிற்று. அதற்குப் பிறகு அவனால் நாலு படிகூட ஏற முடியாது. அவன் வண்டியில் உட்கார்ந்து போனில் வாடிக்கையாளர்களைச் சமாளிப்பான், இவள் கூரை ஏறுவாள். நாளடைவில் மூன்று ஆட்களையும் சேர்த்துக்கொண்டு அவர்களுக்கும் தொழில் சொல்லிக்கொடுத்து நடத்தினாள்.

கியூபாவிலிருந்து இங்கே வந்து குடியேறிய எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனி புருஷன் பெயரில் இருக்கும், வேலை எல்லாம் மனைவி செய்வாள், தாளில் மட்டும் அவள் பெயர் வராது. கூரை ஏறுகிற ஆளுக்குக் கட்ட வேண்டிய இன்சூரன்ஸ் கழுத்தை நெரிக்கும். சொந்தப் பெண்டாட்டிக்கு எதற்கு இன்சூரன்ஸ், விழுந்தால் நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்பார்கள். வில்ஃப்ரெதோவும் அதையேதான் சொன்னான். இவளும் சிரித்துக்கொண்டே சரி என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சம்பளச் சீட்டுக்கூட அவள் பெயரில் கிடையாது.

அந்தப் பொய் முதல் தடவை நடந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று நல்ல மழை. எங்கள் அலுவலகம் இரண்டாவது மாடி, லிப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. விண்ணப்பத்தோடு இவள் மட்டும் வந்து நின்றாள். அவர் கீழே வண்டியில் இருக்கிறார், முதுகில் பட்டை கட்டியிருக்கிறது, நான் போடட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள். கணக்குத் தாளைப் பார்த்தேன், அப்பழுக்கில்லை. நான் காப்பிக் கோப்பையை எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது கையெழுத்து இருந்தது. முத்திரையைக் குத்தினேன். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் முகத்தைத் திருப்பக்கூட இல்லை. பாவம் பார்த்துத் தொடங்கியது பழக்கமாகிவிட்டது. நடுவில் லிப்டைச் சரிசெய்தார்கள், அப்போதும் அவனைக் கூப்பிட வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

போன ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வில்ஃப்ரெதோ வண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனான். அவள் அப்போது ஒரு பல் மருத்துவமனையின் கூரையில் இருந்தாள். ஏசியில் ஏற்றுகிற கேஸ் சிலிண்டரை ஏன் இன்னும் ஆளிடம் கொடுத்தனுப்பவில்லை என்று கீழே பார்த்துக் கத்தியிருக்கிறாள். பதில் வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் இறப்புச் சான்றிதழோடு என் ஜன்னலுக்கு வந்தாள். சட்டத்தை நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. லைசென்ஸ் வைத்திருப்பவர் இறந்தால் கம்பெனிக்கு அறுபது நாள் அவகாசம். அதற்குள் லைசென்ஸ் உள்ள இன்னொருவர் வர வேண்டும், இல்லாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். அவள் அழவில்லை. "அறுபது நாள் தாராளம். பரீட்சை எழுதிடுறேன்," என்றாள். பரீட்சைப் புத்தகம் எல்லாம் வீட்டில் இருக்கிறது, அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே என்றாள்.

சொன்னபடி எழுதினாள். கணக்கு வழக்கு, தொழில் என்று இரண்டு தாள். இருபத்தாறாம் நாள் முடிவு வந்தது. தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றாறு. அலுவலகத்துக்குக் கொய்யா பேஸ்ட்ரி ஒரு பெட்டி கொண்டுவந்து எல்லா ஜன்னலுக்கும் கொடுத்தாள். அவளைச் சிரித்த முகமாக நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

லைசென்ஸ் விண்ணப்பத்தின் ஆறாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. இந்தத் தொழிலில் நாலு வருட அனுபவம் இருப்பதற்குச் சான்று. சம்பளச் சீட்டு வேண்டும், அல்லது வேலை வாங்கிய லைசென்ஸ்தாரரின் கையெழுத்து வேண்டும். சம்பளச் சீட்டு கிடையாது. கையெழுத்துப் போட வேண்டியவன் மண்ணுக்குள் போய் நாலு வாரம் ஆகிவிட்டது. அரசாங்கத்தின் கண்ணில் சோராய்தா ஒஹேதா பிறந்தது முதல் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். நான் காப்பி போட்டேன். அவள் கோப்பையைத் தொடவில்லை.

"ஒடாலிஸ், ஒரு கடுதாசி எழுதிக் குடுடி. இத்தனை வருஷமா கணக்கு போட்டது நான், ப்ளான் வரைஞ்சது நான், கையெழுத்து போட்டதும் நான்தான்னு. கண்ணால பார்த்தவ நீ ஒருத்திதான்."

"அவர் என் கண் முன்னாடி கையெழுத்து போட்டார்னு முத்திரை குத்தினவ நான். அதை எழுதிக் குடுத்தா என்னை உள்ள வைப்பாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்குற?"

"வேற யார்கிட்ட போய்க் கேக்குறது? நீயே சொல்லு."

கணக்குப் போட்டாள் என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தத் தாளின் அடியிலும் வில்ஃப்ரெதோவின் பெயர்தானே இருக்கிறது? அதை யார் எழுதினது என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், நூல் பிடித்துக்கொண்டு நேராக என் முத்திரைக்கு வந்துவிடுவார்கள். ஓய்வு பெற எனக்கு இன்னும் இரண்டு வருடம் பத்து மாதம் இருந்தது. என்னால் முடியாது என்று சொன்னேன். அவள் எழுந்து போனாள். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வராமல் சாத்தினாள். சத்தமாகச் சாத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் ஏறாத படி இல்லை. பதினேழு வருடம் அவள் வேலையைச் சோதித்த இன்ஸ்பெக்டர் ஒருவர் ஓய்வு பெற்றுக் கடலோரமாக இருந்தார். அங்கே போனாள். கூரையில் அவளைப் பார்த்திருக்கிறேன், ஆனால் என் அறிக்கையில் எல்லாம் 'ஒப்பந்ததாரர் வில்ஃப்ரெதோ ஒஹேதா உடனிருந்தார்' என்றுதான் எழுதியிருக்கிறேன், இப்போது மாற்றிச் சொன்னால் என் அறிக்கை எல்லாம் பொய்யாகிவிடுமே என்று அவர் கையை விரித்துவிட்டார். நானே அப்படித்தானே சொன்னேன், அவரை என்ன குறை சொல்ல?

சாமான் கடைக்காரர் எழுதித் தந்தார். வாரா வாரம் வந்து சாமான் வாங்கினாள் என்றுதான் அவரால் எழுத முடிந்தது. அதைப் படித்தால் கடைக்குப் போய்வந்த பெண்பிள்ளை என்றுதான் தெரியும்.

நாற்பதாம் நாள் ஒரு வழி வந்தது. எர்னான் பத்தீஸ்தா என்று ஒரு ஒப்பந்ததாரர், வில்ஃப்ரெதோவின் சீட்டாட்டக் கூட்டாளி. என்னிடம் நாலு வருடம் வேலை பார்த்தாள் என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், காசு எதுவும் வேண்டாம், செத்தவனுக்காகச் செய்கிறேன் என்றார். முழுப் பொய். ஆனால் யாரும் தோண்டிப் பார்க்க மாட்டார்கள், எர்னானின் பெயருக்கு அவ்வளவு மதிப்பு. இதைக் கேட்டவுடன் எனக்கு மூச்சு வந்தது. எனக்கு ஆபத்தில்லாத வழி அல்லவா. உடனே அவளுக்குப் போன் செய்து, வாங்கிக்கொள், யோசிக்காதே என்றேன்.

"மாட்டேன்டி," என்றாள்.

"ஏன்? புதுசா என்ன கெட்டுப்போச்சு? ஆயிரம் கையெழுத்து பொய்யா போட்டவதானே நீ?"

"போட்டேன். ஆனா கையெழுத்துக்கு மேல இருந்த வேலை பொய் இல்ல. அது என் வேலை. அதைக் கொண்டுபோய் இன்னொருத்தன் கம்பெனிக் கணக்குல எழுதச் சொல்றியா? அப்ப இந்த வீடெல்லாம் யாரு பண்ணினதா ஆகும்?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று கத்தினேன். திமிர் பிடித்தவள் என்றும் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால், என் ஆத்திரம் அவள் திமிருக்காக இல்லை. அவள் அந்தக் கடிதத்தை வாங்கியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

பிறகு ஒன்று செய்தாள். வில்ஃப்ரெதோ போன் பேசி முடித்த வேலைகளின் பழைய பட்டியலை எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போனாள். எங்கள் வீட்டில் ஏசி போட்டது இந்தப் பெண்தான், நாங்கள் பார்த்தோம் என்று எழுதி வாங்கினாள். ஆகஸ்ட் வெயிலில் அலைந்து சேர்த்தது நாற்பத்தேழு கடிதம். சிலர் வீட்டை விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒரு கிழவர், ஆமாம், நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன் என்று எழுதி, அடியில் ஏணியின் படத்தையும் வரைந்து கொடுத்திருந்தார். அதற்குள் அவளுடைய மூன்று ஆட்களில் இருவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். போகாதே என்று அவள் சொல்லவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

ஐம்பத்து நாலாம் நாள் மாநில வாரியம் அவளை விசாரணைக்குக் கூப்பிட்டது. ஆர்லாண்டோவில் ஒரு ஹோட்டல் கூடத்தில் கூட்டம். நான் உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் நாலு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஏன் போனேன் என்று கேட்டால் அன்று எனக்கே தெரியாது.

மேடையில் ஒன்பது பேர். பெரும்பாலும் பழைய ஒப்பந்ததாரர்கள். தலைவர் வெள்ளை மீசை வைத்த மரியாதையான மனிதர். சோராய்தாவின் காகிதங்களைப் புரட்டினார்கள். சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றாள். ஏன் இல்லை என்றார்கள். நான் மனைவி என்றாள். கூடத்தில் யாரோ சிரித்தார்கள்.

ஒரு உறுப்பினர், காற்றுக்குழாய் வேலை செய்தே காது மந்தமான ஆள், அவளைச் சோதிக்க நினைத்தார். ஒரு வீடு நன்றாகக் குளிர்கிறது, ஆனால் சுவரெல்லாம் ஈரம், பூஞ்சை வாடை, ஏன் என்றார். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வீட்டுக்குத் தேவையானதை விடப் பெரிய ஏசி வெச்சிருக்காங்க. அஞ்சு நிமிஷத்துல குளிர வெச்சுட்டு நின்னுடுது. காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்க அதுக்கு நேரமே கிடைக்கல. பெருசா இருந்தா நல்லதுன்னு வித்தவன் சொல்லியிருப்பான். நானா இருந்தா அந்த வீட்டுக்கு ஒரு டன் குறைச்சு வெச்சிருப்பேன், திட்டு வாங்கியிருப்பேன், அடுத்த வருஷம் நன்றி வாங்கியிருப்பேன்."

அந்த ஆள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இன்னும் நாலைந்து கேள்வி கேட்டார்கள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. ஓரத்தில் இருந்த பெண் உறுப்பினர் நாற்பத்தேழு கடிதத்தையும் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல வைத்துக்கொண்டு, சட்டத்தில் இடம் இருக்கிறது, ஒரு வருடத்துக்குத் தற்காலிகமாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். இரண்டு பேர் தலையசைத்தார்கள். தலைவரும் பேனாவைத் திறந்தார். திறந்துகொண்டே, முறைக்காகக் கேட்கிற குரலில், "இவங்களைப் பத்தி வேற யாராவது பேசணுமா?" என்றார்.

நான் எழுந்து நின்றேன்.

சோராய்தா திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் நான் வந்திருப்பதே அவளுக்குத் தெரிந்தது. கண் பெரிதாயிற்று. தலையை ஆட்டினாள். மிகச் சின்னதாக, வேண்டாம் என்று. அது எனக்குத் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து வாய்க்கு வந்துவிட்டது, அதை விழுங்க என்னால் முடியவில்லை. என் பெயர், என் அலுவலகம், என் ஜன்னல், என் முத்திரை எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டது அவள்தான், ஒவ்வொன்றையும் நான் பார்த்தேன், இவளை விட அனுபவம் உள்ளவர் இந்தக் கூடத்திலேயே கிடையாது என்றேன். அழுதுகொண்டே சொன்னேன். சொல்லச் சொல்ல உடம்பு லேசாயிற்று, வெட்கத்தோடு சொல்கிறேன்.

வாரியத்தின் வக்கீல் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் பேனாவை மூடினார்.

"அம்மா, நீங்க சொல்றது உண்மைன்னா இவங்களுக்கு அனுபவம் இருக்கு. அதே உண்மைன்னா இவங்க அரசாங்கத் தாள்ல இருபத்திரண்டு வருஷம் பொய்க் கையெழுத்து போட்டவங்க. ஒண்ணை எடுத்துக்கிட்டு இன்னொண்ணை நான் எப்படி விடறது?"

அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. நாணயமான நடத்தை உள்ளவருக்குத்தான் லைசென்ஸ் என்று சட்டம் சொல்கிறது. மறுத்துவிட்டார்கள். லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் நாலு வருடம் தாளில் பதிவாகும்படி வேலை பார்த்துவிட்டு மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். வழக்குப் போடாமல் விட்டதே அவர்களுடைய கருணை. அந்தக் கருணை அவளுக்குத்தான், எனக்கு இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வார்கள் என்பார்கள். நான் செய்த நமஸ்காரத்தில் அவள் கண்ணும் சேர்ந்து போயிற்று.

வண்டிகள் நிற்கிற இடத்தில் அவளைப் பிடித்தேன். நாற்பத்தேழு கடிதமும் நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

"தலையை ஆட்டினேனே. நீ பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"முதல்ல நான் கேட்டப்ப எழுதிக் குடுத்திருந்தா ஒரு வக்கீலைப் பார்த்து, எப்படிச் சொல்றது, எதை முதல்ல சொல்றதுன்னு யோசிச்சிருப்பேன். இன்னைக்கு நீ எனக்காக எந்திரிச்சியா, உனக்காக எந்திரிச்சியா?"

அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். முத்திரையைப் பிடுங்கிக்கொண்டார்கள், வேலை போயிற்று, வழக்கு நடக்கிறது. அதைப் பற்றி யாரிடமும் புலம்ப எனக்கு வாய் கிடையாது. ஒஹேதா கம்பெனி அறுபதாம் நாள் மூடியது. வண்டியின் பக்கவாட்டில் இருந்த பெயரை அவளே சுரண்டி எடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். பாதியில் நின்ற வேலைகளை எர்னான் எடுத்துக்கொண்டார். என்னிடம் வந்து சேர்ந்துகொள் என்று அவர் கூப்பிட்டாராம், அவள் போகவில்லை. தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஒரு பெரிய கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தாள். ஐம்பத்து மூன்று வயதில்.

டிசம்பர் முதல் வாரத்தில் என் வீட்டு ஏசி நின்றுபோயிற்று. எங்கள் ஊரில் டிசம்பரிலும் ஜன்னலைச் சாத்தினால் புழுங்கும். எந்தக் கம்பெனியைக் கூப்பிடுவது என்று யோசிக்கவே இல்லை. அவள் வேலை பார்க்கிற கம்பெனிக்குத்தான் போன் செய்தேன். அவளையே அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேனா, அனுப்ப மாட்டார்கள் என்ற தைரியத்தில் செய்தேனா, தெரியாது.

அவள்தான் வந்தாள். கூட டெவின் என்று ஒரு டெக்னீஷியன், முப்பது வயதுகூட இருக்காது, நல்ல உயரம், மெல்லுவதை நிறுத்தாத வாய். நான் கதவைத் திறந்ததும் அவள் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அவன் ஏசிப் பெட்டியைத் திறந்தான், அவள் ஒவ்வொரு கருவியாக எடுத்துக் கொடுத்தாள். அவன் கேட்பதற்கு முன்பே சரியான கருவி அவன் கைக்கு வந்தது. அதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

நான் சமையலறை ஜன்னல் ஓரமாக நின்றேன். பெட்டி ஓர் உறுமல் உறுமிவிட்டு அடங்கியது. சோராய்தா தலையைச் சாய்த்துக் கேட்டாள். அந்தச் சாய்ப்பு எனக்குத் தெரியும், எங்கள் அலுவலகத்து ஏசி மக்கர் செய்தபோதெல்லாம் என் ஜன்னல் முன்னால் நின்றபடியே அப்படிக் கேட்டுவிட்டு, இன்ன கோளாறு என்று சொல்லிவிட்டுப் போவாள். டெவினிடம் அவள் மெதுவாகச் சொன்னது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெபாசிட்டர் என்கிற சின்ன உருளை போயிருக்கும், அதைப் பார்த்துவிடலாம் என்று. அது கைக்குள் அடங்குகிற சாமான், பத்து நிமிஷ வேலை.

"இங்க டெக்னீஷியன் யாரும்மா? நீயா, நானா?" என்று அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. பிறகு உள்ளே வந்து, கம்ப்ரெசர் போய்விட்டது, பெட்டி பழசு, முழுசாக மாற்றிவிடுவதுதான் நல்லது, பெர்மிட் எல்லாம் கம்பெனியே எடுத்துவிடும், வருகிற வாரம் ஆள் வரும் என்று ஒரு தாளை என் முன்னால் வைத்தான்.

அவள் வாசலில் ஏணியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். இந்த ஒரு விஷயத்திலாவது அவள் சொன்னதைக் கேட்டதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"நீ சொல்லு சோராய்தா. என்ன கோளாறு? நீ சொல்றதைத்தான் நான் கேட்பேன்."

டெவின் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் என் ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து நான் பார்த்த முகம்.

"எனக்கென்ன தெரியும் மேடம்? நான் ஹெல்பர். வந்து நாலு மாசம்தான் ஆகுது," என்றாள்.

ஏணியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போனாள்.